பழைய கார் மீட்டமைப்பு: போல்ட், நட்டுகளை இனங்காண்பதும் தேர்ந்தெடுப்பதும் தேடிப் பெறுவதும்

புதுச்சாவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1952ஆம் ஆண்டின் எம்.ஜி. டி.டி. என்னும் பிரிட்டிஷ் கார் ஒன்றை அடிச்சட்டகம் வரை முழுமையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். உடற்பகுதியின் மரச்சட்ட வேலையும் தகட்டு வேலையும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. இனிப் பூட்ட வேண்டும். பிரித்தபோது கழற்றிய போல்ட்டுகளும் நட்டுகளும் மூன்று வாளிகள் நிறைய இருக்கின்றன. முதல் வாரத்தில் மட்டும் ஒவ்வொன்றையும் பையில் இட்டுப் பெயர் எழுதினேன். பிறகு அவசரத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். அதன் விளைவாக, எது எங்கிருந்து வந்தது என்று பாதிக்கு மேல் தெரியவில்லை. பல துருவேறி இருக்கின்றன, சிலவற்றின் தலை உருண்டுபோயிருக்கிறது.

இந்த நிலையில், முழு வண்டிக்குமான துருப்பிடிக்காத எஃகு போல்ட் தொகுப்பு ஒன்று விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். அதை வாங்கி, பழையவற்றை மொத்தமாகக் கழித்துவிடலாமா? ஒருமுறை பூட்டினால் பின்னர் துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய இருசு எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: அந்த மூன்று வாளிகளில் ஒன்றைக்கூடக் கழிக்காதீர்கள். துருப்பிடித்த போல்ட்டைத் திரும்பப் பூட்டாமல் விடலாம். ஆனால் அதன் விட்டம், நீளம், மரை (திருகுப்புரி) இல்லாத தண்டின் அளவு, தலையின் வடிவம் ஆகிய நான்கையும் சொல்லும் ஒரே சாட்சி அதுதான். அதை எறிந்துவிட்டால் பிறகு ஊகம்தான் மிஞ்சும்.

துருப்பிடிக்காத எஃகைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக், இருக்கைப் பட்டை, இயந்திரத்தின் உட்பகுதி ஆகியவற்றில் அதைப் பூட்டக் கூடாது. பெரும்பாலான கடைகளில் கிடைப்பது ஏ2-70 எனக் குறியிட்ட வகை. அதன் இழுவலிமை 700 மெகாபாஸ்கல். நிலையாக நீளத் தொடங்கும் எல்லை 450. ஒரு சாதாரண 8.8 தர எஃகு போல்ட்டுக்கு அவை முறையே 800, 640. ஒரே தடிமனுள்ள இரு போல்ட்டுகளில், பளபளப்பாக இருப்பது ஏறத்தாழ எழுபது விழுக்காடு சுமையிலேயே நீண்டுவிடுகிறது என்பதே இதன் பொருள். நீண்டுவிட்ட போல்ட் இறுக்கத்தை இழக்கும்; இறுக்கம் இழந்த இணைப்பு ஆடும்; ஆடும் இணைப்பில் போல்ட் களைப்புற்று முறியும். தரக்குறி எதுவும் இல்லாமல் வரும் மலிவான வகை இன்னும் மென்மையாகவும் இருக்கலாம். ஆகவே தொகுப்பாக வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மரைமானி எழுதியது:

இருசு ஐயா சொன்ன வலிமை பற்றிய செய்திக்கு முன்பே தீர்க்க வேண்டியது மரையின் வகை. புதுச்சாவியின் வண்டி அந்த வகையில் மிகவும் சிக்கலானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த மரையின் கோணம் 55 பாகை; அதன் முகடும் அடியும் வளைவாக இருக்கும். அதே கோணத்தில், நெருக்கமான புரிகளோடு 1908இல் வந்தது பி.எஸ்.எஃப். எனும் மென்மரை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வகுத்தது 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றன் உதிரிபாகத்தை மற்றொன்று பயன்படுத்த முடியாமல் பட்ட தொல்லையின் விளைவாக, போருக்குப் பின் 60 பாகையை அடிப்படையாகக் கொண்ட ஒருங்கிணைந்த மரை பிறந்தது. அதன் பருமரை யு.என்.சி., மென்மரை யு.என்.எஃப். பிரிட்டிஷ் கார்கள் 1950களில்தான் மெல்ல மெல்ல அதற்கு மாறின. ஆகவே அந்தப் பத்தாண்டில் பிறந்த ஒரு வண்டியில் எந்த வகையும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

ஏமாற்றும் இடங்கள் எவை என்று பாருங்கள். 5/16 அங்குல விட்டத்தில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் அங்குலத்துக்கு 18 புரிகள். கோணம் மட்டுமே வேறு. நட் கையாலேயே ஏறிவிடும், ஆனால் புரியின் பக்கங்கள் முழுமையாகப் பொருந்தாமல் கோடாக மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு 12 புரி, யு.என்.சி.க்கு 13, அங்கே சில சுற்றிலேயே சிக்கிவிடும். மென்மரையில் அதே 5/16 அங்குலத்துக்கு பி.எஸ்.எஃப். 22, யு.என்.எஃப். 24. சிக்கிக்கொள்ளும் பொருத்தமின்மையைவிட, சிக்காமல் ஏறிவிடும் பொருத்தமின்மையே ஆபத்தானது.

அளப்பதற்கு ஒரு வெர்னியர் காலிப்பரும் பிட்சை, அதாவது அடுத்தடுத்த புரிகளின் இடைவெளியை, ஒப்பிட்டுப் பார்க்கும் பிட்ச் கேஜ் தொகுதிகள் இரண்டும் போதும். ஒன்று 55 பாகைக்கு, மற்றொன்று 60 பாகைக்கும் மெட்ரிக்குக்கும். கேஜின் பற்களை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புரியின் பக்கங்களில் ஒளிக்கீற்று தெரிந்தால் அது வேறு வகை. நைந்த மரையை அளந்து முடிவெடுக்காதீர்கள். தலைக்கு அருகில் நட் தொடாத புரிகளில் அளந்து பாருங்கள்.

புதுச்சாவி எழுதியது:

மிக்க நன்றி. கேஜ் தொகுதிகளை வாங்கி இரண்டு நாட்களாக அளந்துகொண்டிருக்கிறேன். ஒரு குழப்பம். இயந்திரத்திலிருந்து வந்தவை என்று உறுதியாகத் தெரிந்த போல்ட்டுகளின் தலைக்கு விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால் அவை 5/16 பி.எஸ்.எஃப். என்று எண்ணிப் புதிதாகச் சில வாங்கினேன். ஆனால் புதியவை எஞ்சின் பிளாக்கில் இரண்டு சுற்று ஏறியதும் இறுகிவிடுகின்றன. பழைய அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்து, 5/16 பி.எஸ்.எஃப். டேப் (உள்மரை வெட்டும் கருவி) ஒன்றை விட்டுத் துளையைச் சுத்தம் செய்யலாமா?

மரைமானி எழுதியது:

தயவுசெய்து டேப்பைக் கீழே வையுங்கள். அந்தத் துளை அடைபடவில்லை. அது மெட்ரிக் துளை.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மாரிஸ் நிறுவனத்துக்கு இயந்திரங்கள் செய்து கொடுத்துவந்த ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கோவென்ட்ரி ஆலையை 1923இல் மாரிஸே வாங்கிக்கொண்டது. அங்கிருந்த கருவிகள் மெட்ரிக் மரைக்கானவை. அவற்றை மாற்றாமல் மரையை மெட்ரிக்காகவே வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் மெக்கானிக்குகளின் கையில் இருந்த ஸ்பேனருக்கு ஏற்பத் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். அந்த வழக்கம் உங்கள் காரில் உள்ள எக்ஸ்.பி.ஏ.ஜி. இயந்திரம் வரை தொடர்ந்தது. அதில் நீங்கள் பெரும்பாலும் காண்பது 8 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. பிட்சும் கொண்ட மரை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டின் பிட்ச் 1.25, அதுவும் இங்கே பொருந்தாது.

5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. பி.எஸ்.எஃப்.இன் 22 புரியை மி.மீ.க்கு மாற்றினால் பிட்ச் 1.15. அதனால்தான் இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. நல்லவேளையாக அது நின்றது. யு.என்.எஃப்.இன் பிட்ச் 1.06 என்பதால், அது இன்னும் சில சுற்றுகள் ஏறி, இறுகியது போன்ற உணர்வைக் கொடுத்து, உள்மரையைக் கெடுத்திருக்கும்.

பொதுவாக இந்த வண்டியில் இயந்திரம் மெட்ரிக், அடிச்சட்டகம் பெரும்பாலும் பி.எஸ்.எஃப்., மின்பாகங்களும் கார்புரேட்டரும் பி.ஏ. எனும் சிறு திருகுகளுக்கான பிரிட்டிஷ் மரை என்று எதிர்பார்க்கலாம். பி.ஏ. மரையின் கோணம் 47.5 பாகை. 2 பி.ஏ. திருகின் விட்டம் 4.7 மி.மீ.; அங்குலத்துக்கு 32 புரியுள்ள அமெரிக்க 10ஆம் எண் திருகு அதற்கு மிக நெருக்கமாக இருப்பதால், முன்பிருந்த யாரோ ஒருவர் அதைத் திணித்திருப்பதைப் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன்.

கடைசல் எழுதியது:

மரைமானி அவர்களின் எச்சரிக்கையை நானும் வழிமொழிகிறேன். துளையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப்பைப் பயன்படுத்துவதே தவறான பழக்கம். அது அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் சீவிவிடும். அதே மரையுள்ள ஒரு பழைய போல்ட்டை எடுத்து, நீளவாக்கில் மூன்று காடிகள் அரமறுத்து, எண்ணெயிட்டுக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். அழுக்கு காடியில் சேரும், மரை அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே கெட்டுப்போன துளைகளுக்குக் கம்பிச்சுருள் செருகி, அதாவது ஹெலிகாயில், நல்ல தீர்வு. அலுமினியத்திலும் மக்னீசியக் கலவையிலும் அது மூல மரையைவிட உறுதியாகவே நிற்கும். வோல்க்ஸ்வாகன் பீட்டில் இயந்திரத்தின் மக்னீசியக் கலவை உறையில் ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது நன்கு அறியப்பட்ட நோய். அதற்கு எஃகுச் செருகி இடுவதே வழக்கமான மருத்துவம்.

கிடைக்காத போல்ட்டைக் கடைசல் இயந்திரத்தில் செய்துகொள்ளலாமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. மூடிகள், அடைப்புகள், தாங்கிகள் ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் கனெக்டிங் ராடு, ஸ்டியரிங் கை, சக்கர ஸ்டட் போன்றவற்றுக்கு நான் செய்து தருவதில்லை. ஆலையில் மரையை உருளைகளுக்கிடையே அழுத்தி உருட்டுகிறார்கள்; உலோகத்தின் இழைகள் அறுபடாமல் புரியோடு வளைந்து செல்கின்றன. நான் வெட்டும் மரையில் அந்த இழைகள் அறுபட்டு, ஒவ்வொரு புரியின் அடியும் வெடிப்பு தொடங்கக்கூடிய இடமாகிவிடுகிறது. திரும்பத் திரும்பச் சுமை மாறும் இடத்தில் இந்த வேறுபாடு உயிரைத் தொடுவது. இதை என் தொழில்மீது எனக்குள்ள மதிப்பினாலேயே சொல்கிறேன்.

கடலோரம் எழுதியது:

துருப்பிடிக்காத எஃகை இங்கே முற்றிலும் விலக்குவது போலத் தோன்றுவதால் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நான் கடலுக்கு மிக அருகில் வசிக்கிறேன். மட்கார்டு, விளக்குத் தாங்கி, நம்பர் பிளேட், கதவுக் கீல்களின் உறை, ரேடியேட்டர் உறை ஆகியவற்றில் துத்தநாக முலாம் பூசிய போல்ட்டுகள் இரண்டே ஆண்டுகளில் வெண்பொடி பூத்துப் பின் சிவந்துவிட்டன. துருப்பிடிக்காத எஃகில் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் ஏ4 வகைக்கு மாற்றிப் பதினோராண்டுகள் ஆகின்றன; இன்றும் ஸ்பேனர் வைத்தால் கழல்கின்றன. அடுத்த முறை பிரிக்கும்போது தலை உடையாமல் கழல்வதும் மீட்டமைப்பின் ஒரு பகுதிதானே?

பழைய இருசு எழுதியது:

கடலோரம் சொல்வது நியாயம்தான். நான் குறிப்பிட்டது சுமை தாங்கும் இடங்களை. தகட்டு வேலைக்கும் அலங்காரப் பட்டைகளுக்கும் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. என் சொந்த வண்டியின் மட்கார்டிலும் அதுவே இருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சேர்க்கிறேன். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் அதே எஃகு நட்டை உலர்வாக விரைந்து திருகினால் புரிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிடிப்புத் தடுப்புப் பசை தடவி, மின்துளைப்பான் இல்லாமல் கையால் மெதுவாகத் திருகுங்கள். மற்றொன்று, அலுமினியத்தோடு அது ஈரத்தில் சேரும்போது அரிபடுவது அலுமினியமே. இடையில் நைலான் வாஷரோ பசையோ இருக்கட்டும்.

வேறொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. துருப்பிடிக்காத எஃகுத் தொகுப்புகளில் பல இடங்களுக்குத் தலை வரை மரையுள்ள செட் ஸ்குரூவையே கொடுத்துவிடுகிறார்கள். மூலத்தில் மரையில்லாத தண்டு இருந்த இடத்தில் அதைப் பூட்டினால், இரண்டு தகடுகள் சந்திக்கும் வெட்டுத்தளத்தில் மரை வந்து நிற்கும். அங்கே குறுக்குப் பரப்பும் குறைவு. துளையையும் புரிகள் அரம்போல் அராவிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் தொங்கட்டான், ஷாக் அப்சார்பர் தாங்கி ஆகியவற்றில் தண்டின் நீளத்தை அளந்தே வாங்க வேண்டும். மிகுதி நீளமுள்ள போல்ட்டை வாங்கி, மரைப்பகுதியின் நுனியை அறுத்துக்கொள்வது சரியான வழி.

முலாம் பட்டறை எழுதியது:

நல்ல நிலையில் உள்ள மூல போல்ட்டுகளைச் சுத்தம் செய்து மீண்டும் முலாம் பூசுவது பற்றி யாரும் சொல்லவில்லை. தலையில் பழைய தயாரிப்பாளரின் எழுத்துகள் இருக்கும் போல்ட்டுக்கு ஈடான புதியது எங்கும் கிடைக்காது. வண்டி தோற்றத்தில் உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புபவர் இந்த வழியையே முதலில் எண்ண வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய ஆபத்தை அறிந்து செய்ய வேண்டும். துருவை நீக்க அமிலத்தில் ஊறவைக்கும்போதும், மின்முலாம் பூசும்போதும் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடுகிறது. மென்மையான எஃகை அது ஒன்றும் செய்வதில்லை. 10.9, 12.9 போன்ற கடினத் தரங்களிலும், ஸ்பிரிங் எஃகிலும் அது உள்ளே தங்கி, இறுக்கி வைத்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, வண்டி நின்ற இடத்திலேயே தலையை முறித்துவிடும். முன்னறிவிப்பே இருக்காது. அதைத் தவிர்க்க, முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் சுட வேண்டும். பட்டறையிடம் கொடுக்கும்போதே போல்ட்டின் தரத்தைச் சொல்லி, சுட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். கேள்வியே புரியாத பட்டறையானால் மூடித் திருகுகளை மட்டும் கொடுங்கள். கடினத் தரங்களுக்கு மின்சாரமில்லாமல் பூசும் துத்தநாகச் செதில் பூச்சு பாதுகாப்பான மாற்று.

மரையின் மீது முலாம் ஏறும்போது அளவு எவ்வளவு மாறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 60 பாகை மரையில் பூச்சின் தடிமனைப் போல நான்கு மடங்கு அதன் பயனுறு விட்டம் கூடும். 8 மைக்ரான் பூச்சு 32 மைக்ரானாகிவிடும். முன்பே இறுக்கமாக இருந்த நட் பிறகு ஏறாது போவது இதனால்தான்.

பல மூல போல்ட்டுகளில் காணப்படும் மங்கிய வெள்ளி நிறம் காட்மியம். அது நச்சு. கம்பித் தூரிகைச் சக்கரத்தில் தேய்த்துத் தூளாக்காதீர்கள். கழலாத நட்டைச் சுடர்வைத்துச் சூடேற்றும்போது காட்மியம் இருந்தால் அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கொடிய தீங்கு.

புதுச்சாவி எழுதியது:

நண்பர்களே, இத்தனை விரிவாக எழுதியதற்கு நன்றி. தலைக்குறிகளைப் பற்றி ஒருவர் விளக்க முடியுமா? வாளியில் சில போல்ட்டுகளின் தலையில் மூன்று கோடுகள், சிலவற்றில் ஒற்றை ஆங்கில எழுத்து, சிலவற்றில் ஒட்டிய வட்டங்கள், பலவற்றில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலான 12.9 தரத்தை எங்கும் பயன்படுத்திவிட்டால் பாதுகாப்பு கூடுமா?

மரைமானி எழுதியது:

அமெரிக்க முறையில் மூன்று ஆரக்கோடுகள் கிரேடு 5, ஆறு கோடுகள் கிரேடு 8, கோடின்மை பெரும்பாலும் கிரேடு 2. கிரேடு 5இன் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 1,20,000 பவுண்டு, கிரேடு 8க்கு 1,50,000. ஏறத்தாழ 8.8, 10.9 ஆகியவற்றின் இணைகள் என்று கொள்ளலாம். பிரிட்டிஷ் முறையில் எழுத்து: ஆர் என்றால் சதுர அங்குலத்துக்கு 45 டன், எஸ் 50, டி 55, வி 65. எஸ் தரம் 770 மெகாபாஸ்கல் அளவில் வருவதால் 8.8 அதற்குத் தகுந்த பதிலி. ஒட்டிய வட்டங்களோ தலையில் வட்டக் குழியோ இருந்தால் அது வலிமைக்கான குறி அன்று, ஒருங்கிணைந்த மரை என்பதற்கான அடையாளம். உங்கள் வண்டியில் அது தென்பட்டால், அந்தப் பாகம் பின்னால் மாற்றப்பட்டதா என்று பாருங்கள்.

12.9 பற்றிய எண்ணத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும். இணைப்பைக் காப்பது போல்ட்டின் கடினம் இல்லை, அது உண்டாக்கும் இறுக்கம். பழைய முறுக்குவிசையிலேயே 12.9 போல்ட்டை இறுக்கினால் இறுக்கமும் பழையதே. எந்தப் பயனும் கூடவில்லை. புதிய போல்ட்டுக்குரிய முறுக்குவிசையில் இறுக்கினால் வார்ப்பிரும்பின் மரையோ அலுமினியமோ பிய்ந்துவரும். ஹைட்ரஜன் ஆபத்தும் அந்தத் தரத்துக்கே மிகுதி. மூலத் தரம் எதுவோ அதற்கு இணையானதை இடுங்கள். நட்டையும் அதே நிலையில் தேர்ந்தெடுங்கள், 8.8க்கு 8 எண் நட், 10.9க்கு 10.

துருநீக்கி எழுதியது:

தேடிப் பெறுவது பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதலில் கையில் இருக்க வேண்டியது உங்கள் மாதிரிக்கான பாகநூல். எண்களில் அளவே ஒளிந்திருக்கும் நூல்களும் உண்டு. இந்த இழையைப் படிக்கும் பிற்காலப் பிரிட்டிஷ் கார் வைத்திருப்போருக்காக ஓர் எடுத்துக்காட்டு: பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கார்களில் எச்.இசட்.எஸ். 0506 என்ற எண்ணில் 05 என்பது பதினாறில் ஐந்து அங்குல விட்டம், 06 என்பது எட்டில் ஆறு, அதாவது முக்கால் அங்குல நீளம். அதைப் படிக்கத் தெரிந்தால் பாக விற்பனையாளரையே நம்பியிருக்க வேண்டியதில்லை. எந்தத் தொழிற்சாலைப் பொருள் கடையிலும் அளவைச் சொல்லி வாங்கலாம்.

பி.எஸ்.எஃப்., பி.ஏ. வகைகளுக்கு அவற்றையே தொழிலாகக் கொண்ட சிறு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை அறிய அந்தந்த மாதிரிக்கான உரிமையாளர் சங்கம் சிறந்த வழி. எக்ஸ்.பி.ஏ.ஜி.க்கான 8 × 1 போல்ட் பொதுக்கடையில் கிடைத்தாலும் அதன் தலை 13 மி.மீ. ஆக இருக்கும். மூலத் தலையோ 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. விட்வொர்த் ஸ்பேனர் அந்த 13 மி.மீ. தலையில் நழுவி அதை உருட்டிவிடும். தோற்றத்தில் அக்கறை உள்ளவர்கள் சங்கத்தின் வழியாகச் சரியான தலையுள்ளதைப் பெறுவதே நல்லது.

யு.என்.எஃப். மரைக்கு நான் பெரிதும் விரும்புவது விமானத் தரத்து ஏ.என். போல்ட்டுகள். வலிமை சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு, கிரேடு 5க்குச் சற்று மேல். நீளம் தண்டின் அளவை வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுவதால் வெட்டுத்தளப் பிரச்சினை எழுவதே இல்லை. மரைப்பகுதி குட்டையானது என்பதால் தடிமனைச் சரியாக அளந்து வாங்க வேண்டும்.

ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு விற்பனையாளரிடம் ஆறு கோடு போட்ட போல்ட்டுகளை வாங்கினேன். அவற்றில் தயாரிப்பாளர் குறி இல்லை. ஐயம் வந்து சோதனைக்கூடத்தில் கடினத்தைப் பார்த்தபோது கிரேடு 5ஐக்கூட எட்டவில்லை. போலிக் குறியிட்ட போல்ட்டுகள் பரவியதால்தான் அமெரிக்காவில் 1990இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றினார்கள். தரக்குறியோடு தயாரிப்பாளர் குறியும் தலையில் இல்லாத போல்ட்டைச் சுமை தாங்கும் இடத்தில் இடாதீர்கள். தொகுதிக்கான சோதனைச் சான்று கேட்டால் தரத் தயங்காதவரிடமே நான் இப்போது வாங்குகிறேன்.

கடலோரம் எழுதியது:

மூல வண்டியில் எங்கும் ஸ்பிரிங் வாஷர் இருந்தது. அதை மீண்டும் இடலாமா, இல்லை நைலான் நட்டுக்கு மாறலாமா?

பழைய இருசு எழுதியது:

தோற்றத்துக்காக இடலாம், அதை நம்பி இருக்கக் கூடாது. போல்ட்டுக்குக் குறுக்காக வரும் அதிர்வே நட்டைக் கழற்றுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யூங்கர் 1969இல் சோதனையால் காட்டினார். முழுமையாக இறுக்கும்போது ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிச் சாதாரண வாஷராகவே நின்றுவிடுகிறது. போதிய இறுக்கமே முதற்காப்பு. நைலான் நட் நல்லது, ஆனால் 120 பாகைக்கு மேல் அதன் வளையம் பயனற்றுப்போகும். எக்ஸாஸ்ட் அருகே பித்தளை நட்டே சரி. ஸ்டியரிங் மூட்டுகளில், நட்டின் காடி வழியே போல்ட்டின் துளைக்குள் செருகி வளைக்கும் ஸ்பிளிட் பின் இருந்திருந்தால் ஸ்பிளிட் பின்னே இருக்கட்டும். துளை நேராகவில்லை என்றால் நட்டைத் தளர்த்தி நேராக்காதீர்கள், அடுத்த காடி வரை இறுக்குங்கள். முன்சக்கரப் பேரிங் மட்டும் இதற்கு விலக்கு.

முறுக்குவிசை பற்றியும் ஒரு சொல். ஸ்பேனரில் நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாக மாறுகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் போய்விடுகிறது. உராய்வு சற்றுக் குறைந்தாலும் இறுக்கம் பெரிதும் கூடிவிடும். கையேட்டில் உலர் மரைக்கான எண் கொடுத்திருக்க, நீங்கள் பசை தடவி அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் நீண்டுவிடலாம். கையேடு எந்த நிலையைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு டார்க் ரென்ச்சைக் கையில் எடுங்கள். கனெக்டிங் ராடு போல்ட்டுகளை எந்த நிலையில் இருந்தாலும் புதிதாக மாற்றுங்கள். அங்கே பழைமைக்கு மதிப்பில்லை.

மரைமானி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் இது பிரேக் சம்பந்தப்பட்டது. பிரேக் குழாயின் இணைப்பு நட்டுகளில் 3/8 அங்குலம் 24 புரி, 10 மி.மீ. × 1 பிட்ச் என்ற இரு வகைகள் பரவலாக உள்ளன. முதலாவது 9.5 மி.மீ. விட்டம் என்பதால் 10 மி.மீ. துளைக்குள் தளர்வாக ஏறி, இறுகியது போலவும் தோன்றும். முழு அழுத்தத்தில் பிரேக் மிதிக்கும் ஒரு நாளில் அது பிய்த்துக்கொண்டு வரும். புதிய சிலிண்டரையோ குழாயையோ வாங்கும்போது இரண்டு முனைகளையும் கேஜ் வைத்துப் பார்க்காமல் பூட்டாதீர்கள். குழாய் முனையின் விரிவு வடிவமும் இரு வகைக்கும் வேறுபடும்.

புதுச்சாவி எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மூன்று வாளிகளையும் பிரித்து முடித்துவிட்டேன். மெட்ரிக், பி.எஸ்.எஃப்., பி.ஏ. என்று தனித்தனி டப்பாக்கள்; அவற்றுக்குள் விட்டம், நீளம், தண்டு என்ற வரிசை. பாகநூலோடு ஒப்பிட்டபோது மூல போல்ட்டுகளில் பாதிக்கு மேல் மீண்டும் பயன்படும் நிலையில் இருப்பது தெரிந்தது. சுமை தாங்காதவற்றை மட்டும் முலாமுக்குக் கொடுத்திருக்கிறேன். ஸ்டியரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் சான்றோடு புதியவை வாங்கியாயிற்று. துருப்பிடிக்காத எஃகை மட்கார்டுகளுக்கும் ஓட்டுப்பலகைக்கும் மட்டும் வைத்துக்கொண்டேன். எஞ்சின் பிளாக்கின் துளைகளைக் கடைசல் ஐயா சொன்னபடி காடி அறுத்த போல்ட்டால் சுத்தம் செய்தேன், ஒன்றுகூடக் கெடவில்லை.

ஒரு சிறு திருகு மட்டும் எந்த டப்பாவிலும் சேராமல் மேசையில் கிடக்கிறது. விட்டம் 6 மி.மீ., பிட்ச் 1. மெட்ரிக் கேஜ் பொருந்துகிறது. ஆனால் புரியின் பக்கங்களில் மெல்லிய ஒளி தெரிகிறது.

மரைமானி எழுதியது:

அது 0 பி.ஏ. விட்டமும் பிட்சும் மெட்ரிக் 6 மி.மீ. போலவே சரியாக 6க்கு 1. கோணம் மட்டும் 47.5. அந்த ஒளிக்கீற்று அதனால்தான்.

புதுச்சாவி எழுதியது:

பி.ஏ. நட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், விரல் நுனியிலேயே கடைசி வரை ஏறிவிட்டது. மின்பாகங்களின் டப்பாவில் சேர்த்துவிட்டேன்.